கேள்வி-பதில்: பகிர்ந்த ஸ்டோரேஜில் டிஸ்க் பூட்டு

லினக்ஸ் சர்வரில் கேவிஎம் (கெர்னலின் மெய்நிகராக்கப் பகுதி), லிப்வர்ட் (அதை மேலாளும் மென்பொருள்) வைத்து விர்ச்சுவல் மெஷின் (வி.எம்.) நடத்துபவர்களின் கேள்விகள் இந்த இதழில். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறோம். கணினியில் ஆங்கிலச் சிறிய எழுத்தில், அடிக்கோடு உள்ள இடத்தில் அடிக்கோட்டோடு தட்டச்சு செய்யுங்கள்.

கேள்வி: எங்களிடம் இரண்டு ஹோஸ்ட் (வி.எம்.களை ஓட்டும் சர்வர்). இரண்டும் ஒரே ஐஸ்கஸி லன்னை (நெட்வொர்க் வழியே வரும் பகிர்ந்த டிஸ்க்) பார்க்கின்றன; அதன்மேல் எல்விஎம் (டிஸ்க்கைப் பிரித்துத் தரும் அமைப்பு), ஒவ்வொரு வி.எம்.முக்கும் ஒரு லாஜிக்கல் வால்யூம். முதல் ஹோஸ்டின் மேலாண்மை நெட்வொர்க் அறுந்தது. அது செத்துவிட்டது என்று நினைத்து, அதிலிருந்த வி.எம்.மை இரண்டாவதில் ஏற்றிவிட்டார்கள். உண்மையில் முதலாவது ஓடிக்கொண்டுதான் இருந்தது. வி.எம்.மின் எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டம் சிதைந்துவிட்டது. வி.எம்.மை ஓட்டும் ப்ராசஸான கியூஎமு தானாகவே பூட்டு போடும் என்கிறார்களே, ஏன் தடுக்கவில்லை?
- கோவை வாசகர்

பதில்: கியூஎமு பூட்டு போட்டிருக்கும். ஆனால் அந்தப் பூட்டு உங்கள் முதல் ஹோஸ்டின் கெர்னலுக்குள் மட்டும்தான் இருந்தது. 2.10 பதிப்பிலிருந்து கியூஎமு ஒவ்வொரு டிஸ்க் இமேஜின் மீதும் எஃப்சிஎன்டிஎல் வகைப் பூட்டு போடுகிறது. இமேஜ் என்பது என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழிக் கோப்புப் பகிர்வு) மீதுள்ள ஒரு கோப்பு என்றால், பூட்டு என்எஃப்எஸ் சர்வருக்குப் போய்ச் சேரும், அடுத்த ஹோஸ்டுக்கும் தெரியும். ஐஸ்கஸி, ஃபைபர் சேனல், எல்விஎம் போன்ற பிளாக் சாதனத்தின் மீது போட்ட பூட்டு அந்த ஹோஸ்டை விட்டு வெளியே போகாது. ஒரே ஹோஸ்டில் இரண்டு வி.எம். ஒரே டிஸ்க்கைத் திறப்பதை அது தடுக்கும், அவ்வளவுதான்.

லிப்வர்டுக்கென்று தனியாக டிஸ்க் பூட்டு மேலாளர் உண்டு. ஆனால் நீங்களாக இயக்காதவரை அது சும்மா இருக்கும். /இடிசி/லிப்வர்ட்/கியூஎமு.கான்ஃப் கோப்பில் லாக்_மேனேஜர் என்ற வரி கமெண்டாகத்தான் வருகிறது.

சிதைந்த டிஸ்க்கைப் பற்றி: இரண்டு கெர்னலும் தத்தம் நினைவகத்தில் வைத்திருந்த ஜர்னலையும் மெட்டாடேட்டாவையும் மாறி மாறி மேலெழுதியிருக்கும். இரண்டு வி.எம்.மையும் நிறுத்தாமல் எஃப்எஸ்சிகே (ஃபைல்சிஸ்டத்தைச் சரிபார்க்கும் கட்டளை) ஓட்டவே ஓட்டாதீர்கள். நிறுத்திய பின்பும், எஃப்எஸ்சிகே 'சுத்தம்' என்று சொல்வதால் உள்ளே இருக்கும் டேட்டாபேஸ் நலம் என்று அர்த்தமில்லை. பேக்கப்பிலிருந்து மீட்பதே சரி.

கேள்வி: எல்விஎம் மீதுள்ள வி.எம்.களுக்கு வர்ட்லாக்டி அமைக்கும் முறையை முதலிலிருந்து சொல்லுங்கள்.
- மதுரை வாசகர்

பதில்: வர்ட்லாக்டி, மேலே சொன்ன லிப்வர்ட் பூட்டு மேலாளர்களில் ஒன்று; ஒவ்வொரு ஹோஸ்டிலும் ஓடும் சிறிய டீமன். வி.எம். தொடங்கும்போது லிப்வர்ட் அதனிடம் 'இந்த டிஸ்க்கைப் பூட்டு' என்று கேட்கும். பூட்டு கிடைத்தால்தான் வி.எம். ஓடத் தொடங்கும். இயல்பான அமைப்பில் அது டிஸ்க் கோப்பின் மீதே நேரடியாகப் பூட்டுகிறது. எல்லா இமேஜும் என்எஃப்எஸ்ஸில் இருந்தால் இது போதும். பிளாக் சாதனங்களுக்கு மேலே சொன்ன அதே குறை வரும் என்பதால், மறைமுகப் பூட்டு வேண்டும். எல்லா ஹோஸ்டுக்கும் பொதுவான ஒரு என்எஃப்எஸ் டைரக்டரியில், டிஸ்க்குக்கு ஒன்றாகச் சிறிய பூட்டுக் கோப்பு உருவாக்கி அதன் மீது பூட்டுவது. டிஸ்க்கின் தரவு சானிலேயே (பகிர்ந்த பிளாக் ஸ்டோரேஜ்) இருக்கும். என்எஃப்எஸ்ஸுக்குப் போவது பூட்டு மட்டுமே.

முதலில் என்எஃப்எஸ். மிகச் சிறிய எக்ஸ்போர்ட் போதும், பூட்டுக் கோப்புகள் வெறும் காலிக் கோப்புகள். அந்த என்எஃப்எஸ் சர்வர் இதே ஹோஸ்டுகளில் ஓடும் ஒரு வி.எம்.மாக மட்டும் இருக்கக் கூடாது. மின்சாரம் போய் எல்லாம் அணைந்தால், பூட்டு சர்வரை ஏற்றவே பூட்டு தேவைப்படும், மாட்டிக்கொள்வீர்கள். வர்ட்லாக்டி ரூட் பயனராக ஓடுவதால், ரூட்_ஸ்குவாஷ் (ரூட்டைச் சாதாரணப் பயனராக நடத்தும் விருப்பம்) இருக்கும் எக்ஸ்போர்ட்டில் 'பர்மிஷன் டினைட்' வரும். நோ_ரூட்_ஸ்குவாஷ் கொடுங்கள், ஆனால் ஹோஸ்டுகளின் ஐபி முகவரிகளுக்கு மட்டும்.

மவுன்ட் செய்வது 4-ஆம் பதிப்பில் இருக்கட்டும். 3-ஆம் பதிப்பில் பூட்டுக்கென்று தனி சேவைகளும் தனி போர்ட்களும் வேண்டும், ஃபயர்வாலில் அவை பெரும்பாலும் அடைபட்டிருக்கும். 4-இல் எல்லாம் 2049 போர்ட்டிலேயே முடியும். பூட்டை சர்வருக்கு அனுப்பாத நோலாக் என்ற மவுன்ட் விருப்பம் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் எடுத்துவிடுங்கள். எல்லா ஹோஸ்டிலும் ஒரே இடத்தில், உதாரணமாக /எஸ்ஆர்வி/விஎம்லாக்ஸ் என்று மவுன்ட் செய்யுங்கள்.

அடுத்து /இடிசி/லிப்வர்ட்/கியூஎமு-லாக்டி.கான்ஃப் கோப்பில் மூன்று வரிகள்:

ஃபைல்_லாக்ஸ்பேஸ்_டிர் = "/எஸ்ஆர்வி/விஎம்லாக்ஸ்/ஃபைல்ஸ்"
எல்விஎம்_லாக்ஸ்பேஸ்_டிர் = "/எஸ்ஆர்வி/விஎம்லாக்ஸ்/எல்விஎம்"
ஸ்கஸி_லாக்ஸ்பேஸ்_டிர் = "/எஸ்ஆர்வி/விஎம்லாக்ஸ்/ஸ்கஸி"

பிறகு கியூஎமு.கான்ஃப் கோப்பில் லாக்_மேனேஜர் = "லாக்டி". வர்ட்லாக்டி.சாக்கெட் யூனிட்டை இயக்கி, லிப்வர்ட்டியை மறுதொடக்கம் செய்யுங்கள். புதிய பகுப்பு அமைப்பில் என்றால் வர்ட்கியூஎமுடி. ஃபெடோரா வழி வந்த புதிய வினியோகங்களில் வர்ட்லாக்டியும் அதன் பிளகினும் தனித்தனி பேக்கேஜ்களாகப் பிரிந்துவிட்டன, இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வி.எம்.களுக்கு இதனால் பூட்டு வந்துவிடாது. பூட்டு வாங்குவது தொடங்கும்போது. எனவே ஒவ்வொன்றையும் முழுமையாக நிறுத்தி ஏற்ற வேண்டும். உள்ளேயிருந்து ரீபூட் செய்தால் கியூஎமு ப்ராசஸ் மாறாது, அது கணக்கில் சேராது.

இனி, இந்த அமைப்பை ஓசையில்லாமல் கெடுக்கும் விஷயம். பூட் ஆகும்போது என்எஃப்எஸ் மவுன்ட் ஆகாமல் போனால் /எஸ்ஆர்வி/விஎம்லாக்ஸ் வெறும் உள்ளூர் டைரக்டரி. வர்ட்லாக்டி அதற்குள் தேவையான துணை டைரக்டரியைத் தானே உருவாக்கிக்கொண்டு, உள்ளூர் கோப்பைப் பூட்டிவிட்டு, 'எல்லாம் சரி' என்று வி.எம்.மை ஏற்றிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. இரண்டு காப்பு போடுங்கள். ஒன்று, வர்ட்லாக்டி சர்வீசுக்கு ஒரு டிராப்-இன் எழுதி, யூனிட் பகுதியில் ரெக்வயர்ஸ்மவுன்ட்ஸ்ஃபார் வரியில் அந்தப் பாதையைக் கொடுப்பது. சிஸ்டம்டியில் இந்தப் பெயரின் ஒவ்வொரு சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கும். இரண்டு, என்எஃப்எஸ்ஸை அன்மவுன்ட் செய்துவிட்டு, வெறும் டைரக்டரியின் மீது 'சிஹெச்அட்டர் +ஐ' ஓட்டுவது. அதன் பிறகு மவுன்ட் இல்லாத நிலையில் ரூட்டாலும் அங்கே எதையும் உருவாக்க முடியாது, வி.எம். தொடங்க மறுக்கும். மறுப்பதுதான் நமக்கு வேண்டியது.

கடைசியாகச் சோதனை. டேட்டா இல்லாத ஒரு சோதனை வி.எம்.மை முதல் ஹோஸ்டில் ஓடவிட்டு, அதே எக்ஸ்எம்எல்லை இரண்டாவதில் டிஃபைன் செய்து தொடங்கிப் பாருங்கள். 'ரிசோர்ஸ் பிஸி... இஸ் லாக்ட்' என்று வர வேண்டும். இதை ஒவ்வொரு ஜோடி ஹோஸ்டுக்கும் செய்யுங்கள். மூன்றில் ஒன்று மட்டும் மவுன்ட் இல்லாமல் இருப்பதை ஒரே ஒரு ஜோடியைச் சோதித்துக் கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி: மேற்படி அமைப்பில் ஃபைல்_லாக்ஸ்பேஸ்_டிர் மட்டும் கொடுத்தோம். பெரும்பாலான வி.எம்.களுக்குப் பூட்டு வேலை செய்கிறது. மல்டிபாத் (ஒரே டிஸ்க்குக்குப் பல பாதை) லன்னை நேரடியாகக் கொடுத்த இரண்டு வி.எம்.கள் மட்டும் இரண்டு ஹோஸ்டிலும் ஏறிவிடுகின்றன.

பதில்: ஃபைல்_லாக்ஸ்பேஸ் முறையில் பூட்டுக் கோப்பின் பெயர், டிஸ்க்கின் பாதையை ஷா256 போட்டுக் கிடைக்கும் எண். பாதை ஓர் எழுத்து மாறினாலும் வேறு பெயர், வேறு கோப்பு, வேறு பூட்டு. மல்டிபாத்தில் யூசர்_ஃப்ரெண்ட்லி_நேம்ஸ் இயங்கினால், ஒரு ஹோஸ்டில் எம்பாத்ஏ என்றிருக்கும் லன் இன்னொன்றில் எம்பாத்பி ஆக இருக்கலாம். லன்களைக் கண்டுபிடித்த வரிசையைப் பொறுத்தது அது. அதைவிட மோசமான நிலையும் உண்டு: இரண்டு வெவ்வேறு லன்கள் இரண்டு ஹோஸ்டிலும் எம்பாத்ஏ ஆகிவிட்டால், சம்பந்தமில்லாத வி.எம். 'பூட்டியிருக்கிறது' என்று நிற்கும்.

ஸ்கஸி_லாக்ஸ்பேஸ்_டிர் கொடுத்தால் பாதைக்குப் பதில் லன்னின் ஸ்கஸி அடையாள எண்ணை வைத்துப் பூட்டும். எல்விஎம்_லாக்ஸ்பேஸ்_டிர் கொடுத்தால் வால்யூமின் யூயுஐடியை வைத்து. மூன்றையும் கொடுக்கச் சொன்னதன் காரணம் இதுதான். கோப்பு இமேஜ்களுக்கு இந்த வசதி இல்லை. என்எஃப்எஸ் ஒரு ஹோஸ்டில் /மவுன்ட்/விஎம் என்றும் இன்னொன்றில் /டேட்டா/விஎம் என்றும் இருந்தால் ஷா256 முறை உதவாது.

எந்தக் கோப்பு எந்த டிஸ்க்குடையது என்று பார்க்க, 'எக்கோ -என்' கொடுத்து முழுப் பாதையை ஷா256சம் கட்டளைக்கு அனுப்புங்கள். -என் விட்டுவிட்டால் வரியின் கடைசியில் உள்ள நியூலைனும் சேர்ந்து வேறு எண் வரும்.

கேள்வி: ஹோஸ்ட் மின்சாரம் போய் அணைந்தது. அதிலிருந்த வி.எம்.மை வேறு ஹோஸ்டில் ஏற்றினால் பூட்டு இருப்பதாகச் சொல்கிறது. என்எஃப்எஸ்ஸில் உள்ள பூட்டுக் கோப்பை ஆர்எம் கொடுத்து அழித்துவிடலாமா?
- யாழ்ப்பாணம் வாசகர்

பதில்: அழிக்காதீர்கள். கோப்பு இருப்பது பூட்டு அல்ல. கோப்பின் மீது ஒரு ப்ராசஸ் வைத்திருக்கும் பிடிதான் பூட்டு. உயிரோடிருக்கும் ஒரு ஹோஸ்ட் பிடித்திருக்கும் கோப்பை அழித்தால், அதன் பிடி பழைய ஐநோடின் (கோப்பின் உள் பதிவு) மீது தொடரும். அடுத்த ஹோஸ்ட் அதே பெயரில் புதுக் கோப்பு உருவாக்கி அதைப் பூட்டும். இரண்டு பேருக்கும் பூட்டு கிடைத்துவிடும், இரண்டு வி.எம்.மும் ஓடும்.

என்எஃப்எஸ் 4 என்றால் பொறுமை போதும். லினக்ஸ் சர்வரில் லீஸ் காலம் (பூட்டைப் புதுப்பிக்க வேண்டிய கெடு) வழக்கமாக 90 நொடி. செத்த ஹோஸ்ட் அதற்குள் புதுப்பிக்காவிட்டால் அதன் பூட்டுகளை சர்வர் விட்டுவிடும். 3-ஆம் பதிப்பில் அப்படி இல்லை. செத்த ஹோஸ்ட் மீண்டும் பூட் ஆகி 'நான் மறுபடி வந்துவிட்டேன்' என்று சர்வருக்கு அறிவிக்கும்வரை பூட்டு நீடிக்கும். மதர்போர்டே போய்விட்ட ஹோஸ்ட் எப்போது அறிவிக்கும்? 4-க்கு மாறச் சொல்வதற்கு ஃபயர்வாலைவிட இதுவே பெரிய காரணம்.

ஆனால் அந்த 90 நொடிக்கு ஒரு மறுபக்கம் உண்டு. ஹோஸ்ட் சாகவில்லை, என்எஃப்எஸ் நெட்வொர்க் மட்டும் அறுந்தது என்று வையுங்கள். சானுக்கான பாதை நன்றாக இருக்கிறது, வி.எம். எழுதிக்கொண்டே இருக்கிறது. லீஸ் முடிந்ததும், இன்னொரு ஹோஸ்ட் கேட்டால் சர்வர் பூட்டைக் கொடுத்துவிடும். பழைய ஹோஸ்டில் உள்ள வர்ட்லாக்டி அந்தக் கோப்பில் எதையும் எழுதுவதில்லை என்பதால் பூட்டு போனதே அதற்குத் தெரியாது. தெரிந்தாலும் வி.எம்.மை அது நிறுத்தாது. ஆகவே வேறு ஹோஸ்டில் ஏற்றும் முன், பழைய ஹோஸ்டை ஐபிஎம்ஐ (சர்வரின் தொலைக் கட்டுப்பாடு) வழியாகவோ பிடியூ (மின் பகிர்வுப் பெட்டி) வழியாகவோ மின்சாரத்தைத் துண்டித்து, துண்டித்ததை உறுதி செய்துகொள்ளுங்கள். தானாக ஏற்றும் ஏற்பாடு இருந்தால் அதில் ஃபென்சிங் (பழைய ஹோஸ்டைத் தானாகத் துண்டிக்கும் ஏற்பாடு) கட்டாயம் இருக்க வேண்டும். வர்ட்லாக்டி அந்த வேலையைச் செய்யாது.

கேள்வி: வர்ட்லாக்டியை அப்டேட் செய்த பின் ரீஸ்டார்ட் செய்யலாமா?

பதில்: வி.எம்.கள் ஓடும்போது கூடாது. 'சிஸ்டம்சிடிஎல் ரீலோட் வர்ட்லாக்டி' கொடுங்கள். ரீலோட், டீமனுக்கு யுஎஸ்ஆர்1 சிக்னல் அனுப்புகிறது. அது பூட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டே புதிய பைனரியாகத் தன்னை மாற்றிக்கொள்ளும். ரீஸ்டார்ட் கொடுத்தால் ப்ராசஸ் சாகும், பூட்டுகள் எல்லாம் போகும், வி.எம்.கள் பூட்டில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது. நினைவகம் தீரும்போது கெர்னல் இதைக் கொல்லாமலிருக்க, சர்வீஸ் கோப்பிலேயே ஓஓஎம் மதிப்பு -900 என்று வைத்திருக்கிறார்கள். அதை மாற்ற வேண்டாம். லிப்வர்ட்டியை மட்டும் ரீஸ்டார்ட் செய்வதால் பூட்டுக்கு ஆபத்தில்லை. பூட்டைத் தனி டீமனில் வைத்ததே அதற்காகத்தான்.

இன்னொரு சிறு விஷயம்: ஓடும் ஒவ்வொரு வி.எம்.முக்கும் வர்ட்லாக்டியுடன் ஓர் இணைப்பு பிடிக்கும். வர்ட்லாக்டி.கான்ஃப்பில் உள்ள மேக்ஸ்_க்ளையன்ட்ஸ் இயல்பாக 1024. யாராவது 'பாதுகாப்புக்காக' 20 என்று குறைத்திருந்தால் அதற்கு மேல் வி.எம். ஏறாது.

கேள்வி: ஒரு ஹோஸ்டில் பூட்டு மேலாளரை இயக்கிவிட்டு, வி.எம்.களை லைவ் மைக்ரேஷன் செய்து மற்றதைக் காலி செய்யலாம் என்று பார்த்தால், 'லாக் டிரைவர் டிஃபரன்ட்' என்று மறுக்கிறது.

பதில்: சரியாகவே மறுக்கிறது. மைக்ரேஷனின்போது பூட்டின் நிலையும் கூடவே போக வேண்டும். மூல ஹோஸ்டில் வி.எம். நிறுத்திவைக்கப்படும் நொடியில் பூட்டு விடப்பட்டு, இலக்கு ஹோஸ்டில் ஓடத் தொடங்கும் முன் வாங்கப்படும். இரு முனையிலும் ஒரே பூட்டு மேலாளர் இல்லையென்றால் இது நடக்காது. அதனால் மாறும் நாளில் வி.எம்.களுக்குச் சிறிது நேரம் ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும். இரவு நேரத்தில் எல்லா ஹோஸ்டையும் ஒருசேர மாற்றிவிடுங்கள்.

இதே தர்க்கத்தால் இன்னொன்றும் நடக்கும். 'வர்ஷ் சஸ்பெண்ட்' கொடுத்து நிறுத்திவைத்த வி.எம். பூட்டைக் கையில் வைத்திருக்காது. அந்த இடைவெளியில் வேறு ஹோஸ்டில் அதே வி.எம். ஏறினால் தடை இருக்காது; பழையதை ரெஸ்யூம் செய்யும்போதுதான் தடுக்கும்.

கேள்வி: சான்லாக்கா, வர்ட்லாக்டியா? எங்களிடம் சான் மட்டும்தான், என்எஃப்எஸ் வைக்க விருப்பமில்லை. சான்லாக் வைத்தவர்கள் 'ஹோஸ்டே தானாக ரீபூட் ஆகிறது' என்று பயமுறுத்துகிறார்கள்.
- சென்னை வாசகர்

பதில்: ரீபூட் ஆவது கோளாறு அல்ல, அதன் வேலையே அதுதான். வர்ட்லாக்டிக்கும் சான்லாக்குக்கும் உள்ள உண்மையான வித்தியாசமும் அங்கேதான்.

லிப்வர்டின் இன்னொரு பூட்டு மேலாளரான சான்லாக் பூட்டை ஸ்டோரேஜின் மீதே எழுதுகிறது. ஒவ்வொரு ஹோஸ்டுக்கும் 1 முதல் 2000 வரை ஓர் எண். அந்த எண்ணுக்குரிய செக்டரில் ஹோஸ்ட் 20 நொடிக்கு ஒருமுறை நேர முத்திரை எழுதிக்கொண்டிருக்க வேண்டும். 512 பைட் செக்டர் வீதம் 2000 ஹோஸ்டுக்கு இடம் வேண்டும் என்பதால்தான் லாக்ஸ்பேஸ் 1 எம்பி அளவில் இருக்கிறது. 80 நொடி எழுத முடியாவிட்டால், பூட்டைப் பிடித்திருக்கும் வி.எம்.களை சான்லாக் கொல்லத் தொடங்கும். அவை சாகாவிட்டால், டபிள்யூடிஎம்டி என்ற துணை டீமன் ஹோஸ்டின் வாட்ச்டாகுக்கு உயிர்க்குறி கொடுப்பதை நிறுத்தும். 60 நொடியில் ஹார்ட்வேர் ஹோஸ்டை ரீசெட் செய்யும். மற்ற ஹோஸ்டுகள் 80-உம் 60-உம் சேர்த்து 140 நொடி காத்திருந்து, அதன் பிறகே அந்தப் பூட்டைத் தம்முடையதாக்கும். அந்த நேரத்தில் பழைய ஹோஸ்ட் உயிரோடு எழுதிக்கொண்டிருக்க வழியே இல்லை. என்எஃப்எஸ்ஸின் 90 நொடிக்குப் பின் இருக்கும் அந்த ஓட்டை இங்கே அடைக்கப்பட்டிருக்கிறது.

எப்போது ரீபூட்வரை போகிறது என்றால், ஸ்டோரேஜ் முழுவதும் அறுந்து, கியூஎமு ப்ராசஸ் டிஸ்க் பதிலுக்காக டி நிலையில் மாட்டிக்கொள்ளும்போது. அந்த நிலையில் உள்ள ப்ராசஸை எந்த சிக்னலாலும் கொல்ல முடியாது. ஹோஸ்ட் விழும்போது, உள்ளூர் டிஸ்க்கில் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த வி.எம்.களும் கூடவே விழும். எனவே சான்லாக் ஹோஸ்டில் முக்கியமான உள்ளூர் வி.எம்.களை வைக்காதீர்கள்.

உங்கள் சானின் கன்ட்ரோலர் மாறும் நேரத்தை அளந்து பாருங்கள். ஃபர்ம்வேர் அப்டேட்டின்போது அது 80 நொடியைத் தாண்டினால் எல்லா வி.எம்.மும் கொல்லப்படும். கணக்கெல்லாம் ஐஓ_டைம்அவுட் என்ற ஒரே மதிப்பிலிருந்து வருகிறது: இயல்பு 10 நொடி, புதுப்பித்தல் அதன் 2 மடங்கு, தோல்வி 8 மடங்கு. 20 என்று வைத்தால் தோல்வி 160, மற்றவர் காத்திருப்பு 220 நொடி. எல்லா ஹோஸ்டிலும் ஒரே மதிப்பு வையுங்கள்.

அமைப்பு /இடிசி/லிப்வர்ட்/கியூஎமு-சான்லாக்.கான்ஃப் கோப்பில். ஹோஸ்ட்_ஐடி ஒவ்வொரு ஹோஸ்டிலும் வேறாக இருக்க வேண்டும். ஒரு ஹோஸ்டை அப்படியே குளோன் செய்து அடுத்ததை உருவாக்குபவர்கள் இதில்தான் விழுவார்கள். ஆட்டோ_டிஸ்க்_லீஸஸ் = 1 என்றால் டிஸ்க்குக்கு ஒரு 1 எம்பி லீஸ் கோப்பு தானாக உருவாகும்; ஆனால் டிஸ்க்_லீஸ்_டிர் பகிர்ந்த ஃபைல்சிஸ்டமில் இருக்க வேண்டும், அதாவது என்எஃப்எஸ் அல்லது ஜிஎஃப்எஸ்2. பகிர்ந்த ஃபைல்சிஸ்டமே வேண்டாம் என்றால் தானியங்கியை அணைத்து, லீஸ்களுக்கென்று ஒரு சிறிய லாஜிக்கல் வால்யூம் ஒதுக்கி, ஒவ்வொரு வி.எம்.மின் எக்ஸ்எம்எல்லிலும் லீஸ் பகுதியைக் கையால் எழுத வேண்டும்: லாக்ஸ்பேஸ் பெயர், கீ, வால்யூமின் பாதை, ஆஃப்செட். ஒரே ஆஃப்செட்டை இரண்டு வி.எம்.முக்குக் கொடுத்துவிடாமல் ஓர் அட்டவணை பராமரியுங்கள். தானியங்கியை அணைத்ததும், லீஸ் எழுதாத வி.எம். தொடங்கவே மறுக்கப்படும்; அது நல்லதுதான்.

வாட்ச்டாக் சாதனத்தை ஒரே ப்ராசஸ்தான் திறக்க முடியும். சிஸ்டம்டியில் ரன்டைம்வாட்ச்டாக்செக் அமைத்திருந்தாலோ, எஸ்பிடி (க்ளஸ்டர் ஃபென்சிங் டீமன்) அதைப் பிடித்திருந்தாலோ டபிள்யூடிஎம்டி தொடங்காது, சான்லாக்கும் நிற்கும். ஹார்ட்வேர் வாட்ச்டாக் இல்லாத இடத்தில் சாஃப்ட்டாக் மாட்யூல் போடலாம், ஆனால் கெர்னலே உறைந்தால் அதுவும் சேர்ந்து உறையும். எஸ்இலினக்ஸ் இயங்கும் ஹோஸ்டில் வர்ட்_யூஸ்_சான்லாக், லீஸ்கள் என்எஃப்எஸ்ஸில் என்றால் சான்லாக்_யூஸ்_என்எஃப்எஸ் ஆகிய பூலியன்களை 'செட்எஸ்இபூல் -பி' கொடுத்து இயக்குங்கள்; இதில் வரும் பி பெரிய எழுத்து. நிலவரம் பார்க்க 'சான்லாக் க்ளையன்ட் ஸ்டேட்டஸ்'.

எங்கள் பரிந்துரை: ஃபென்சிங் ஏற்கெனவே ஒழுங்காக இருக்கிறது, அல்லது வி.எம்.மை எப்போதும் மனிதர்தான் ஏற்றுகிறார் என்றால் வர்ட்லாக்டி. ஃபென்சிங் இல்லாமல் தானாக ஏற வேண்டும் என்றால் சான்லாக்.

கேள்வி: பகிர்ந்த எல்விஎம்மில் பூட்டு மேலாளர் போட்ட பிறகு, எந்த ஹோஸ்டிலிருந்தும் எல்விகிரியேட் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. பூட்டு மேலாளர் காப்பது வி.எம்.மின் டிஸ்க்கை, வால்யூம் க்ரூப்பின் மெட்டாடேட்டாவை அல்ல. இரண்டு ஹோஸ்டில் ஒரே நேரத்தில் எல்விகிரியேட் ஓடினால் இரண்டு வால்யூமுக்கும் ஒரே எக்ஸ்டென்ட்கள் ஒதுக்கப்படலாம். அதற்கு எல்விஎம்லாக்டி இருக்கிறது. அது அடியில் சான்லாக்கையோ டிஎல்எம் என்ற க்ளஸ்டர் பூட்டு மேலாளரையோ பயன்படுத்தும். அது வேண்டாம் என்றால், எல்லா எல்விஎம் கட்டளையும் ஒரே ஹோஸ்டிலிருந்து மட்டும் என்று வைத்துக்கொண்டு, மற்ற ஹோஸ்டுகளில் எல்விசேஞ்ச் கொடுத்துப் புதுப்பியுங்கள். எல்விஎம் ஸ்னாப்ஷாட்டும் தின் பூலும் ஒரே நேரத்தில் ஒரு ஹோஸ்டில் மட்டுமே இயங்கலாம்.

கேள்வி: ஓடும் வி.எம்.மின் இமேஜை 'கியூஎமு-இமேஜ் கன்வர்ட்' கொடுத்து பேக்கப் எடுத்தோம். இப்போது 'ஃபெயில்ட் டு கெட் ஷேர்ட் ரைட் லாக்' என்கிறது. பெரிய எழுத்து -யு கொடுத்தால் வேலை செய்கிறது. சரிதானா?

பதில்: வேலை செய்யும், பேக்கப் ஆகாது. -யு என்பது 'பூட்டைப் பொருட்படுத்தாமல் படி' என்ற அனுமதி. நகல் எடுக்கும் அரை மணி நேரத்தில் வி.எம். எழுதிக்கொண்டே இருப்பதால், நகலின் தொடக்கம் ஒரு நேரத்தையும் முடிவு வேறு நேரத்தையும் காட்டும். கியூகவ்2 வகை இமேஜ் என்றால் உள் அட்டவணையே பொருந்தாமல் போகலாம். இமேஜின் அளவு பார்க்க 'இன்ஃபோ'வுடன் -யு கொடுப்பதில் தவறில்லை. பேக்கப்புக்கு 'வர்ஷ் பேக்கப்-பிகின்' அல்லது வெளி ஸ்னாப்ஷாட்.

இந்தப் பூட்டுகள் எல்லாமே கேட்பவரை மட்டும் தடுக்கும் வகை என்பதையும் நினைவில் வையுங்கள். ஹோஸ்டில் ரூட்டாக கேபார்ட்எக்ஸ் கொடுத்து லாஜிக்கல் வால்யூமை மவுன்ட் செய்பவரை எந்தப் பூட்டும் தடுக்காது.

கேள்வி: செஃப் ஆர்பிடி (செஃப் ஸ்டோரேஜ் க்ளஸ்டரிலிருந்து நெட்வொர்க் வழியே வரும்) டிஸ்க்குகளுக்கு வர்ட்லாக்டி உதவுமா?

பதில்: உதவாது. நெட்வொர்க் வகை டிஸ்க்குகளை லிப்வர்டின் பூட்டு மேலாளர் கண்டுகொள்வதே இல்லை. ஆர்பிடியின் எக்ஸ்க்ளூசிவ்-லாக்கை நம்பியும் இருக்காதீர்கள்: இன்னொரு க்ளையன்ட் எழுத விரும்பினால் முதல் க்ளையன்ட் பூட்டைக் கைமாற்றிக் கொடுத்துவிடும், இரண்டு வி.எம்.மும் மாறி மாறி எழுதும். அங்கே பாதுகாப்பு என்பது மேலே உள்ள க்ளஸ்டர் மென்பொருளும் ஃபென்சிங்கும்தான்.

கேள்வி: விஎம்வேரில் 'அன்ஏபிள் டு ஆக்சஸ் எ ஃபைல் சின்ஸ் இட் இஸ் லாக்ட்' வந்தால் பூட்டியிருக்கும் ஹோஸ்டை எப்படிக் கண்டுபிடிப்பது?
- சிங்கப்பூர் வாசகர்

பதில்: ஈஎஸ்எக்ஸ்ஐ ஷெல்லில் விஎம்கேஎஃப்எஸ்டூல்ஸ் கட்டளையை, பெரிய எழுத்து -டி-யுடன், பூட்டிய விஎம்டிகே கோப்பின் மீது ஓட்டுங்கள். ஓனர் என்ற வரியின் கடைசிப் பகுதி, பூட்டை வைத்திருக்கும் ஹோஸ்டின் மேக் முகவரி. புதிய பதிப்புகளில் விஎம்எஃப்எஸ்ஃபைல்லாக்இன்ஃபோ -பி அதையே தெளிவாகச் சொல்லும். பேக்கப் சாதனம் ஹாட்-ஆட் முறையில் இணைத்த டிஸ்க்கை வேலை முடிந்தும் கழற்றாமல் விட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். என்எஃப்எஸ் 3 டேட்டாஸ்டோரில் பூட்டு என்பது .எல்சிகே என்று தொடங்கும் மறைகோப்புகள், 4.1-இல் சர்வரின் பூட்டு. இந்த இரண்டும் ஒன்றையொன்று அறியாது. ஒரே எக்ஸ்போர்ட்டை ஒரு ஹோஸ்டில் 3 ஆகவும் இன்னொன்றில் 4.1 ஆகவும் மவுன்ட் செய்தால் பூட்டே இல்லாதது போலத்தான்.

கேள்வி: பூட்டுப் பிழை வந்தபோது டிஸ்க் பகுதியில் ஷேரபிள் என்று சேர்த்தேன், போய்விட்டது. இப்படியே விடலாமா?

பதில்: இரண்டு வி.எம்.மிலும் ஜிஎஃப்எஸ்2, ஓசிஎஃப்எஸ்2 போன்ற க்ளஸ்டர் ஃபைல்சிஸ்டமோ, அந்த டிஸ்க்கைப் பங்கிட்டுக்கொள்ளத் தெரிந்த டேட்டாபேஸோ இருந்தால் விடலாம். அதற்குத்தான் அந்த வரி: எல்லோரும் சேர்ந்து பிடிக்கும் பூட்டைக் கேட்கிறது. உள்ளே எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், என்டிஎஃப்எஸ் என்றால் இன்றே வி.எம்.களை நிறுத்தி வரியை எடுத்துவிடுங்கள். பிறகு எல்லா ஹோஸ்டிலும் 'வர்ஷ் டம்ப்எக்ஸ்எம்எல்' கொடுத்து, அதே டிஸ்க் பாதை வேறு எந்த வி.எம்.மில் எழுதப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள். பிழை வந்ததற்குக் காரணம் அங்கே கிடைக்கும். பெரும்பாலும் குளோன் செய்தபோது டிஸ்க் பாதையை மாற்ற மறந்த ஒரு வி.எம். ஆக இருக்கும்.